கோதண்டம் மாஸ்டருக்கு நடந்த அநியாயம்

அந்தப் பையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள் சார். தப்பாக நினைக்காதீர்கள், எழுத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறேன். 'செண்பகம் லேடீஸ் டைலர், கோவில்பட்டி.' அதானே! நீங்கள் பஸ்ஸில் ஏறும்போதே நினைத்தேன். வீட்டம்மா வாங்கிவரச் சொன்னார்களா? மதுரையிலிருந்தா? மதுரையில் இல்லாத டைலரா? சரி, சரி. மதுரையிலிருந்தெல்லாம் வந்து அளவு கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்று என் வீட்டில் சொன்னபோது நான் நம்பவில்லை. இப்போது கண்ணால் பார்த்துவிட்டேன்.

உள்ளே விட்டார்களா உங்களை? விடமாட்டார்கள். வாசலில் ஒரு பெஞ்சு கிடக்கும், ஆண்கள் அதில் உட்கார்ந்துகொள்ள வேண்டியது. தைத்த துணியை ஜன்னல் வழியாகத்தான் நீட்டுவார்கள். சங்கடமாக இருந்ததா? இருக்காதா பின்னே.

என் பெயர் தங்கமாரியப்பன். அதே ஊரில் ராணி லேடீஸ் டைலர் என்னுடைய கடைதான். அப்பா காலத்துக் கடை. இந்தச் செண்பகம் என்னிடம் வேலை பார்த்தவள். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தனியாகக் கடை போட்டாள், நன்றாக இருக்கட்டும். என் வருத்தமெல்லாம் கோதண்டம் மாஸ்டர் விஷயத்தில்தான். அந்த மனுஷனுக்கு நடந்தது பெரிய அநியாயம். அதைச் சொல்லாமல் இந்தப் பையைப் பார்த்துக்கொண்டே மதுரை வரைக்கும் வர என்னால் முடியாது. சாத்தூரில் பஸ் நின்றால் டீ வாங்கித் தருகிறேன், கேளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் குழம்பக் கூடாது. கோதண்டம் மாஸ்டர் என்று ஒருவர் கிடையாது. நான் உண்டாக்கிய ஆள் அவர். ஆனால் ஆள் இல்லை என்பதற்காக அநியாயம் அநியாயம் இல்லை என்று ஆகிவிடுமா? கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு சார். பெண்கள் மேல் டேப் வைக்கமாட்டோம். என் அப்பா வைத்ததில்லை, நானும் வைத்ததில்லை. அவர்கள் வீட்டிலிருந்து ஒரு அளவு ஜாக்கெட் கொண்டுவருவார்கள். அதை மேஜையில் விரித்து அதே மாதிரி வெட்டுவோம். அந்த ஜாக்கெட் எதைப் பார்த்து வெட்டியது? அதற்கு முந்தின ஜாக்கெட்டைப் பார்த்து. அது? அதற்கும் முந்தினதைப் பார்த்து. இப்படியே பின்னால் போனால் அந்த அம்மாவுக்குக் கல்யாணமான புதிதில் போய் நிற்கும். நடுவில் பிள்ளை பெற்றிருப்பார்கள், உடம்பு கூடியிருக்கும், இறங்கியிருக்கும். அதற்கெல்லாம் "உள்ள துணி விட்டிருக்கேன்க்கா, வேணும்னா பிரிச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிடுவோம். தெற்குத் தெருவில் ஒரு குடும்பம். அம்மாவுக்கு இடது தோள் எப்போதும் இறங்கும். அம்மாவின் ஜாக்கெட்டையே அளவாகக் கொண்டுவந்த மகள்களுக்கும் இடது தோள் இறங்கும். அது அவர்கள் குடும்ப வாகு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அதே மாதிரி வேலைப் பங்கீடும் உண்டு. வெட்டுவதும் மெஷினும் ஆண்கள் வேலை. ஓரம் மடித்து ஹெம்மிங் அடிப்பது, கொக்கி வைப்பது, பிசிறு நறுக்குவது பெண்கள் வேலை. யார் சொன்னது என்று கேட்டால் யாரும் சொல்லவில்லை. கடையில் ஒரு மேஜை, ஒரு பாய். மேஜையில் ஆண், பாயில் பெண். கடையே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

செண்பகம் பாயில் உட்கார வந்தவள். கல்யாணத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். புருஷன் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான், நல்ல பையன். இவளும் வாய் திறக்கமாட்டாள். கொக்கி வைத்துக்கொண்டே மேஜையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏன் பார்க்கிறாள் என்று நான் யோசித்ததில்லை. பார்வை எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்.

அப்போது லாரன்ஸ் என்று ஒரு கட்டிங் மாஸ்டர் வைத்திருந்தேன். வைகாசி முகூர்த்தம் நெருங்குகிற நேரம், திருப்பூரில் வேலை கிடைத்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். கல்யாணப் பட்டு மலைபோலக் குவிந்து கிடக்கிறது. எனக்குக் கண்ணில் புரை. கோடு ஒரு பக்கம் போனால் கத்திரி ஒரு பக்கம் போகும். தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணாச்சி, நான் வெட்டட்டா?" என்றாள்.

"எதை?"

"துணியைத்தான். வேற எதை வெட்ட?"

நான் சிரித்துவிட்டேன். கெட்ட எண்ணத்தில் இல்லை. "செண்பகம், இது வெண்டைக்கா இல்லம்மா. பட்டு."

"வெண்டைக்காயத் தப்பா வெட்டுனா சாம்பார்ல போட்டுருலாம் அண்ணாச்சி. எனக்கு வித்தியாசம் தெரியும்."

அவள் தெருப் பெண்களுக்கெல்லாம் வீட்டில் வெட்டித் தைத்துக் கொடுப்பாளாம். காசு வாங்கித்தான் தைத்தாளாம். இருந்தாலும் வீட்டில் இருந்து செய்தால் அது பொழுதுபோக்குதானே, வேலை என்று சொல்ல முடியுமா? ஆனால் எனக்கு வேறு வழி இல்லை. முதலில் என் வீட்டுக்காரி கோமதியின் துணியில் வெட்டிப் பார்க்கச் சொன்னேன். கெட்டுப்போனாலும் வீட்டோடு போகும். இவள் நேரே என் வீட்டுக்குப் போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள், கோமதிக்கு டேப் வைத்து அளவு எடுத்தாள். வெகுநேரம் எடுத்தாள். எதற்கு இவ்வளவு நேரம் என்று வெளியே எனக்கு எரிச்சல்.

கல்யாணமான நாளிலிருந்து நான் தைத்ததைத்தான் கோமதி போட்டிருக்கிறாள். செண்பகம் தைத்ததைப் போட்டுக்கொண்டு வந்து கண்ணாடி முன்னால் நின்றாள். கையைத் தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். பிறகு, "இப்பத்தான் மூச்சு விடுதேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்கு இளைப்பு இருந்தது எனக்கு அன்றைக்கு வரைக்கும் தெரியாது சார். டாக்டரிடம் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டேன். ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், இன்றைக்கு வரைக்கும் அதற்கு அர்த்தம் புரியவில்லை.

சரி, இந்த முகூர்த்தம் முடியும் வரைக்கும் வெட்டட்டும் என்று விட்டேன். முதல் நாளே வடிவு டீச்சர், மகளின் கல்யாணத்துணியோடு வந்துவிட்டார். கூடவே அவர் வீட்டுக்காரர். தாலுகா ஆபீஸில் இருப்பவர். எதையும் துருவித் துருவித்தான் கேட்பார்.

"லாரன்ஸ் போயிட்டானாமே? இப்ப யாரு கட்டிங்?"

உள்ளே செண்பகம் கத்திரியும் கையுமாக நிற்கிறாள். பொம்பளை வெட்டுகிறாள் என்று சொன்னால் பட்டைச் சுருட்டிக்கொண்டு எதிரே ஆசீர் கடைக்குப் போய்விடுவார். வாயில் வந்ததைச் சொன்னேன். "பம்பாய் மாஸ்டர் வந்திருக்கார் சார்."

"பேரு?"

"கோதண்டம்."

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. எங்கள் வகையறாவில் கோதண்டம் என்று ஒருவரும் இல்லை.

"பம்பாய்ல எத்தனை வருஷம்?"

"பதினைஞ்சு இருக்கும்."

"அப்பச் சரி" என்று துணியைக் கொடுத்துவிட்டார். செண்பகம் என் கடையில் அதற்கு மேலேயே இருந்திருப்பாள். ஆனால் கோவில்பட்டிப் பதினைந்தும் பம்பாய்ப் பதினைந்தும் ஒன்றாகுமா?

ஒரு பொய் சொல்லிவிட்டால் அதற்குச் சட்டை செருப்பெல்லாம் வாங்கிப் போட வேண்டியிருக்கிறது சார். நிஜமாகவே வாங்கினேன். உள் அறைக்குத் திரை போட்டேன். வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு. ஆணியில் ஒரு கோடு போட்ட சட்டை. ஆனால் உடனே ஒரு சிக்கல். செண்பகம் பெண்களை உள்ளே கூப்பிட்டு டேப் வைத்து அளவு எடுக்கிறாள். அளவு ஜாக்கெட் வேண்டாம் என்கிறாள். உள்ளே ஒரு ஆண்பிள்ளை இருக்கும்போது பெண்களை எப்படி அனுப்புவது? வாசலில் நிற்கிற புருஷன்மார் சும்மா இருப்பார்களா? அதனால் ஒவ்வொரு தடவையும் உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொல்லுவேன்: "மாஸ்டர், லேடீஸ் வாராங்க. கொஞ்சம் பின்வாசல் வழியா போயிட்டு வாங்க." ஒரு ஆள் எழுந்து போகிற நேரம் விட்டு, அதன்பிறகுதான் பெண்களை அனுப்புவேன். நேர்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

தாலுகா ஆபீஸ்காரர் ஒருநாள் கவனித்துவிட்டார். "செருப்பு இங்க கிடக்கே, மாஸ்டர் வெறுங்காலோடயா போறாரு?"

"கழுகுமலைக் கோயிலுக்கு நேர்ந்திருக்கார் சார்."

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதிலிருந்து மாஸ்டருக்குப் பக்திமான் என்றும் பெயர்.

திரைக்கு உள்ளே போகிற பெண்கள் சிரிப்பார்கள். சும்மா சிரிப்பில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். வெளியே வரும்போது வடிவு டீச்சர் என்னைப் பார்த்து, "மாஸ்டருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க" என்று ஒரு கண்ணைச் சிமிட்டுவார். பாவம், அடுப்பூதி அடுப்பூதி அந்த வயதில் கண்ணுக்கு ஏதாவது வந்துவிடும்போல. எந்தப் பெண்ணும் ஒருநாளும் மாஸ்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதில்லை. அதுதான் நம் ஊர்ப் பெண்களின் அடக்கம்.

முகூர்த்தம் முடிந்தது. ஆனால் மாஸ்டர் போகவில்லை. எப்படிப் போவார்? ஊரெல்லாம் அவர் பேச்சு. ஜாக்கெட் போட்டால் கை தூக்க முடிகிறது, குனிய முடிகிறது, பின் குத்த வேண்டாம், இதெல்லாம் பெரிய அதிசயமாகப் பேசினார்கள். தெற்குத் தெருக் குடும்பத்துக்கு ஒரே நாளில் எல்லோருக்கும் தோள் நேராகிவிட்டது. பம்பாய்க் கை என்றார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

அப்போதுதான் செண்பகம் சம்பளம் கூட்டிக் கேட்டாள். "அண்ணாச்சி, கட்டிங்கும் பாக்கேன், கொக்கியும் வைக்கேன். பாத்துச் செய்யுங்க."

நான் அன்பாகத்தான் சொன்னேன். "உம் புருஷன் வண்டி ஓட்டுதாம்லா. உனக்கு எதுக்கும்மா? வீட்டுல சும்மா இருக்கதுக்கு இது ஒரு கைச்செலவு."

அவள் பாயில் போய் உட்கார்ந்து கொக்கி வைக்க ஆரம்பித்தாள். ஒரு வாரம் கழித்து வந்தாள். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. "அண்ணாச்சி, மாஸ்டருக்குச் சம்பளம் கட்டுபடியாகலையாம்."

முதலில் சிரித்தேன். இவளுக்கும் தமாஷ் வருகிறதே என்று சிரித்தேன். அன்றைக்குச் சாயங்காலமே ஆசீர் டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எதிர்க்கடைக்காரன், டைலர் சங்கத்துச் செயலாளரும் அவன்தான். "அண்ணாச்சி, ஒம்ம பம்பாய் ஆளுக்கு என்ன குடுக்கீரு? நான் அதுக்கு மேல குடுக்கேன்னு சொன்னா வருவாரா?" என்று கேட்டான். சார், டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். அவ்வளவு கைத்திறமை உள்ள ஆளை நான் சம்பளத்தில் பிடித்து வைத்தால் அவர் ஏன் என்னிடம் இருக்க வேண்டும்? மறுநாள் காலையில் செண்பகத்தைக் கூப்பிட்டேன்.

"மாஸ்டருக்குக் குடும்பம் இருக்கும்லா?"

"இருக்கு அண்ணாச்சி. ரெண்டு பிள்ளைக. மூத்தது பத்தாங் கிளாஸு."

செண்பகத்துக்கும் அப்படியேதான், இரண்டு பிள்ளைகள், மூத்தது பத்தாவது. என்ன பொருத்தம் பாருங்கள்! ஒரு ஆண்பிள்ளை குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டாமா? லாரன்ஸுக்குக் கொடுத்ததைவிடக் கூட்டிக் கொடுத்தேன். தனி உறையில் போட்டு, மேலே 'கோதண்டம்' என்று எழுதி, செண்பகத்திடம் கொடுப்பேன். "பத்திரமா அவர்ட்டச் சேத்துருதேன் அண்ணாச்சி" என்பாள். அவளுக்கு எப்போதும்போலக் கொக்கிக் கூலி, அது தனி.

அதற்குப் பிறகு மாஸ்டருக்கு ஒவ்வொன்றாகத் தேவை வந்தது. தேவை வருவது நியாயம்தானே, கலைஞர்கள். மாஸ்டருக்கு உள்ளே புழுக்கமாக இருக்கிறதாம். ஃபேன் போட்டேன். மாஸ்டருக்கு நின்றுகொண்டே வெட்டி இடுப்பு கடுக்கிறதாம். கைவைத்த நாற்காலி ஒன்று வாங்கினேன், நல்ல தேக்கு. மாஸ்டருக்கு ஆறு மணிக்கு மேல் வேலை ஓடாதாம். ஆறு மணிக்குப் பூட்டினேன். பெண்கள் கக்கூஸ் கேட்டு இத்தனை வருஷம் நச்சரித்தார்கள். பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்குப் போங்கள் என்று சொல்லி வந்தேன். மாஸ்டர் கேட்டார், பின்னால் கட்டிவிட்டேன்.

ஒருதடவை செண்பகத்தின் சின்னப் பையனுக்குக் காய்ச்சல், இரண்டு நாள் வரவில்லை. என்ன ஆச்சரியம், மாஸ்டருக்கும் அதே இரண்டு நாள் உடம்பு முடியவில்லை. மாஸ்டருக்குச் சம்பளம் பிடிக்கவில்லை. சாத்துக்குடிகூட வாங்கி அனுப்பினேன். செண்பகத்துக்கு மட்டும் கூலி பிடித்தேன். கணக்கு கணக்காக இருக்க வேண்டும். அவளும் அதை ஒத்துக்கொண்டாள். "மாஸ்டர் தங்கமான மனுசரு அண்ணாச்சி. எனக்கு ஒரு பங்கு குடுத்துருவாரு" என்றாள். அப்படிப்பட்ட ஆள் சார் அவர்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. இல்லாத ஆள்தானே என்று. எனக்குத் தெரியாதா? நான்தானே உண்டாக்கினேன். ஆனால் தினமும் ஒரு ஆளுக்குக் காலையில் விளக்குப் போட்டு, டீ அனுப்பி, சாயங்காலம் 'மாஸ்டர், நேரமாச்சு' என்று குரல் கொடுத்துப் பாருங்கள். ஒரு பாசம் வந்துவிடும். கடையில் நானும் ஒரு ஆண், அவரும் ஒரு ஆண். மனசுக்குத் தெம்பாக இருந்தது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் டைலர் சங்கத்து ஆண்டுவிழா வந்தது. சிறந்த கட்டிங் மாஸ்டர் என்று கோதண்டத்துக்குப் பொன்னாடை போடப்போகிறோம் என்று ஆசீர் வந்து சொன்னான். போட்டிக்கடைக்காரன் வாயாலேயே வந்தது பார்த்தீர்களா! மாஸ்டர் கூச்ச சுபாவம், மேடைக்கு வரமாட்டார், அவர் சார்பில் நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

அன்றைக்குச் செண்பகம் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். அவள் அப்படி வந்து நிற்கிற ஆள் இல்லை.

"அண்ணாச்சி, நான் எதுவும் பெருசா கேக்கல. சங்கத்து மேடையில, வெட்டுனது நாந்தான்னு ஒரு தடவை சொல்லிருங்க. பெறகு வேணும்னா கோதண்டம்னே வச்சுக்கிடுங்க."

"உனக்கு எதுக்கும்மா அந்த வம்பு? பொன்னாடை மாஸ்டருக்குத்தான?"

"அந்த மாஸ்டர் யாரு அண்ணாச்சி?"

இதென்ன கேள்வி! "கோதண்டம்" என்றேன்.

கத்திரியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு, "என் பேரையாவது சொல்லுங்க" என்றாள். சொன்னேன் சார். நான் வாக்குத் தவறுகிறவன் இல்லை. மேடையில் பொன்னாடையை வாங்கிக்கொண்டு, கோதண்டம் மாஸ்டரைப் பற்றி நாலு வார்த்தை பேசினேன். பம்பாயில் அவர் பட்ட கஷ்டத்தைச் சொல்லும்போது துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கடைசியில், "மாஸ்டருக்கு ஒத்தாசையாக இருந்து கொக்கி வைக்கிற செண்பகத்துக்கும் இந்த நேரத்தில் நன்றி" என்று பெயரைச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். பின்வரிசையில் பெண்கள் கைதட்டினார்கள் பாருங்கள், மண்டபமே அதிர்ந்தது. பொன்னாடைக்குக்கூட அவ்வளவு தட்டவில்லை. வடிவு டீச்சர் எழுந்து நின்று தட்டினார். கொக்கி வைக்கிறதுக்கு இவ்வளவு கைதட்டலா என்று ஆசீர் என்னிடம் கேட்டான்.

செண்பகம் மட்டும் தட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பொன்னாடையைக் கொண்டுவந்து உள் அறையில் மாஸ்டரின் நாற்காலியில் போர்த்தினேன். சந்தனம் குங்குமம் வைத்தேன். "இனிமே இந்தச் சேர்ல நீ உக்காராதம்மா, மாஸ்டர் மரியாதைக்குரிய சேரு" என்று செண்பகத்திடம் சொன்னேன்.

"அப்ப நான் எங்க உக்கார?"

"பாய் இருக்குல்லா."

அவள் பாயைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். அன்றைக்குப் பூராவும் எங்கேயும் உட்காரவில்லை. நின்றுகொண்டேதான் வெட்டினாள். ஆறு மணிக்குத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அண்ணாச்சி, மாஸ்டர் வேலைய விட்டுட்டாரு."

ஆவணி முகூர்த்தம் வேறு வருகிறது. "என்ன கோவம் அவருக்கு? கேளும்மா. எது வேணும்னாலும் செய்யுதேன். பாதிப் பங்கு வேணும்னாலும் தாரேன்னு சொல்லு" என்று கெஞ்சினேன். அவளுக்கே என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"கேட்டுச் சொல்லுதேன்" என்று போனாள். மறுநாள் வந்து சொன்னாள்: "மாஸ்டர் திரும்ப வரமாட்டாராம். ஆனா உங்களுக்கு ஒரு யோசனை சொல்லியிருக்காரு. அவர் எடத்துல செண்பகத்தையே மாஸ்டராப் போடச் சொல்லுதாரு. அதே சம்பளம், அதே சேரு. வாறவங்ககிட்ட, கட்டிங் செண்பகம்னு வெளிப்படையாச் சொல்லணுமாம். அவ வேலைக்கு நான் பொறுப்புன்னு சொல்லுதாரு."

நான் நிதானமாக யோசித்தேன் சார். அவசரப்படவில்லை. கோதண்டம் மாஸ்டர் சொன்னால் அதில் ஏதாவது இருக்கும். அப்படி லேசில் ஒருத்தரைச் சிபாரிசு பண்ணுகிற ஆள் இல்லை அவர். ஆனால் கடைசியில் மனசு ஒப்பவில்லை.

"செண்பகம், மாஸ்டர் நல்ல மனசுல சொல்லியிருக்காரு. ஆனா அவருக்கு ஊரு உலகம் தெரியாதும்மா. எப்பவும் ரூமுக்குள்ளயே இருந்த மனுசன்."

அவள் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தாள். அது அவள் சொந்த டேப்பாம். "வாரேன் அண்ணாச்சி" என்று படியிறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த மாசமே கடை போட்டுவிட்டாள். இரண்டு தெரு தள்ளித்தான். புருஷன் குட்டியானையில் மேஜை ஏற்றிக்கொண்டு என் கடை வழியாகத்தான் போனான், எனக்கு ஹாரன் வேறு அடித்தான். என் வாடிக்கை மொத்தமும் அங்கே போய்விட்டது. வடிவு டீச்சர் போனார், தெற்குத் தெருக்காரர்கள் போனார்கள். கோமதிகூட, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, கட்டைப் பையில் துணியை மறைத்து எடுத்துக்கொண்டு போகிறாள். கேட்டால் கோவிலுக்கு என்கிறாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது, கோதண்டம் மாஸ்டரை இவள் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று. பொறுக்க முடியாமல் ஒருநாள் நேரே போனேன். வாசலில் தாலுகா ஆபீஸ்காரர் உட்கார்ந்திருந்தார், பெஞ்சில். எனக்கும் நகர்ந்து இடம் கொடுத்தார். நான் உட்காரவில்லை. செண்பகம் ஜன்னலுக்கு வந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. உள்ள கூப்புட முடியாது, லேடீஸ் அளவு குடுத்துட்டிருக்காங்க. மோர் குடிக்கீங்களா?"

"மோரெல்லாம் இருக்கட்டும். கோதண்டம் மாஸ்டரை ஒரு வார்த்தை கூப்பிடு. நான் பேசிக்கிடுதேன்."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். உள்ளே பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

"அவர் இங்க இல்ல அண்ணாச்சி."

"பின்ன எங்க?"

"வேலை கேட்டு வந்தாரு. ஆம்பளை ஆளு எடுக்கதில்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

நான் விடவில்லை சார். "அவர் வெட்டுனதப் பாத்துமா அப்படிச் சொன்ன?"

"அதெல்லாம் பாக்கல அண்ணாச்சி. ஆம்பளைன்னு தெரிஞ்சிச்சு. அதோட விட்டுட்டேன்."

உள்ளே சிரிப்பு. தெரு முழுக்கக் கேட்கிற சிரிப்பு. அதில் கோமதியின் சிரிப்பும் இருந்த மாதிரி எனக்கு ஒரு சந்தேகம்.

நீங்களே சொல்லுங்கள், இது என்ன நியாயம்? எப்படிப்பட்ட கை அந்தக் கை! ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து, எங்கே வெட்டிக் காட்டுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா? திறமை இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லட்டும், நான் ஒத்துக்கொள்கிறேன். ஆண் என்கிற ஒரே காரணத்துக்காக, ஏறெடுத்துக்கூடப் பார்க்காமல், வாசலோடு திருப்பி அனுப்புவது என்றால் மனுஷனுக்கு எவ்வளவு கேவலமாக இருக்கும்? அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? எந்தக் காலத்தில் இருக்கிறோம் நாம்?

சிரிக்காதீர்கள் சார். வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

மதுரைக்குப் போவதே அந்த வேலையாகத்தான். கடை இப்படிக் கிடந்தால் ஆகாது, புதிதாக ஒரு மாஸ்டர் பிடிக்க வேண்டும். தெரிந்த நூல்கடைக்காரர் ஒருவரிடம் சொல்லி வைத்திருந்தேன். நேற்று போன் போட்டார். "அண்ணாச்சி, ஒரு ஆள் இருக்கு. பிரமாதமான கட்டிங். கைவேலையப் பாத்தா அசந்துருவீங்க. ஆனா பொண்ணு, பரவாயில்லையா?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேறு ஆள் பார்த்து வையுங்கள், வருகிறேன் என்றேன்.

வெட்டுவதைப் பார்த்தேனா என்றா கேட்கிறீர்கள்? எதற்குப் பார்க்க வேண்டும் சார்? பொண்ணு என்றுதான் அவரே சொல்லிவிட்டாரே.